ஆறு பின்னால் இழுக்குமா?

ரிஷிகேஷுக்கு மேலே சிவபுரியில் ராஃப்ட் (காற்றடைத்த ரப்பர் படகு) ஏறினோம், நண்பர்கள் ஆறு பேர். கங்கையின் அந்தப் பகுதியில் ரேப்பிட் (நீர் கொந்தளித்துப் பாயும் இடம்) ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு: ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று. ஓரிடத்தில், நீர் மூடிய பாறை ஒன்றைத் தாண்டி இறங்கியதும் ராஃப்ட் அப்படியே நின்றுவிட்டது. ஒருவன் கையிலிருந்து நழுவிய துடுப்பு, ஓட்டத்துக்கு எதிராகப் பாறையை நோக்கிப் போனது. மூழ்கியது. போன இடத்துக்குப் பக்கத்திலேயே எழுந்து, மறுபடி பாறையை நோக்கிப் போனது. வழிகாட்டி தொண்டை கிழிய "ஃபார்வர்ட்! ஃபார்வர்ட்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கரையேறியதும் நண்பன் கேட்டான்: "ஆறு கீழதானே ஓடுது? துடுப்பு எப்படிடா மேல போச்சு?"

ஊர் திரும்பியதும் குழாயடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து அவனுக்குக் காட்டினேன். தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றிக் கண்ணாடி போல மெல்லிய வட்டம். அதன் விளிம்பில் தண்ணீர் சட்டென்று தடித்து வளையமாக எழுகிறது. இதுதான் நீர்த்தாவல். (தட்டில் நடப்பதற்குப் பரப்பு இழுவிசையே முக்கியக் காரணம் என்று 2018-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டார்கள். குழாயடித் தண்ணீரைப் பற்றிய ஆய்வுக்கும் தயங்காமல் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.)

ஆற்றில் கணக்கு எளிது. ஆழம் குறைவான நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. அரை மீட்டர் ஆழத்தில் நொடிக்குச் சுமார் 2.2 மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்தில் 3.1. பாறை மேல் வழிந்து இறங்கும் தண்ணீர் மெலிந்து, வேகம் பிடித்து, அலையின் வேகத்தையே மிஞ்சிவிடுகிறது. இந்த இரண்டு வேகங்களின் விகிதத்துக்குத்தான் 19-ஆம் நூற்றாண்டுக் கப்பல் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் பெயரை வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். கீழே ஆழமான தண்ணீர் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது என்ற சேதி, மேலிருந்து வரும் தண்ணீருக்கு எப்படித் தெரியும்? அலையாக ஏறிப் போய்த்தான் சொல்ல வேண்டும். ஆனால் அலையைவிட ஓட்டம் வேகமாக இருக்கிறதே! சேதி போய்ச் சேராது. அதனால் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ள வழியில்லாமல், வந்த வேகத்தில் போய் மோதுகிறது, ஒரே இடத்தில் பொங்கி எழுகிறது.

பாறை செங்குத்தாக இருந்து கீழே ஆழமும் அதிகமென்றால், விழும் நீர் அடியில் புகுந்து ஓடிவிடும். மேல்மட்டத்து நுரைநீர் பாறையை நோக்கிச் சரியும். மேலே எதிர்த்திசை, அடியில் நேர்த்திசை. இந்த உருளையை ராஃப்ட் ஓட்டுபவர்கள் 'ஹோல்' என்பார்கள். நுரை முழுக்கக் காற்று. மூன்றில் ஒரு பங்கு காற்றானால் மிதப்பு விசையும் ஏறக்குறைய அந்த அளவு குறைந்துவிடும். லைஃப் ஜாக்கெட் போட்டவரும் உள்ளே போய்த்தான் வருவார்.

பயத்தில் கை நின்றுவிடும், ஆனால் துடுப்பை நிறுத்தக் கூடாது. ஆழமாக ஊன்றி வலித்தால் அதன் அலகு அடியில் ஓடும் நேர்த்திசை நீரைப் பிடிக்கும், அந்த நீரே ராஃப்டை வெளியே இழுக்கும். வழிகாட்டி கத்தியது இதற்குத்தான். எங்கள் துடுப்பும் கடைசியில் பாறையின் ஓரமாக நழுவிக் கீழே வந்து சேர்ந்தது.

பாறைக்கு ஓரம் உண்டு. தடுப்பணைக்கு? கரையிலிருந்து கரை வரை ஒரே நேர்க்கோட்டில் கான்கிரீட். வெள்ளக் காலத்தில் அதன் அடியில் உருவாகும் உருளையில் சிக்கியவருக்கு ஓரமாக விலகிப் போக வழியே இல்லை. உயரம் ஒன்றிரண்டு மீட்டர்தான் இருக்கும், பார்க்கச் சாதுவாகத் தெரியும். நம் ஊர்களில் யாராவது இப்படிப் போய்விட்டால், "அந்த இடம் வருஷம் ஒரு காவு கேட்கும்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். எனக்கு இதைக் கேட்டாலே மனம் கொதிக்கிறது. காவு கேட்பது தெய்வமல்ல, அந்தக் கட்டுமானத்தின் வடிவம். கீழ்ப்புறத்தில் பாறைகளை அடுக்கிச் சரிவாக்கினால் உருளை உடைந்துவிடும்.

அம்மாவின் ஊர்த் தடுப்பணையில் ஒரு மழைக்காலத்தில், மட்டை உரிக்காத தேங்காய் ஒன்று மதகுக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மூழ்கும், எழும், சுவரை நோக்கிப் போகும். மதியம் பார்த்தது, மாலையில் மாடு ஓட்டி வரும்போதும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.