"வழியில் போகிற சரக்குதானே" என்று கையெழுத்துப் போடாதீர்கள்

சிங்கப்பூர் வழியே வேறு நாட்டுக்குப் போகிற சரக்குக்குக் கையெழுத்துப் போட்டுச் சிக்கிக்கொண்டு என்னிடம் வருபவர்களில், இந்த ஆண்டில் இது நான்காவது ஆள். முதல் மூன்றுக்கும் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினேன். நான்காவது தம்பி கோப்பை என் மேசையில் வைத்தபோது, இதை எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சிங்கப்பூரில் சரக்கு அனுப்பும் தொழிலில் எனக்கு 19 ஆண்டு அனுபவம். பெர்மிட் எடுப்பது, ஆவணம் சரிபார்ப்பது, சுங்கத்துறைக்குப் பதில் சொல்வது என் வேலை. அந்தத் தம்பி சிராங்கூன் சாலைப் பக்கம் மின்னணு உதிரிப் பாகக் கடை வைத்திருக்கிறார். கடையில் இரண்டே ஊழியர்கள். ஒருநாள் கைபேசியில் ஒருவர் தொடர்புகொண்டிருக்கிறார். ஐரோப்பிய விநியோகஸ்தர் ஒருவரிடம் 4,000 கட்டுப்பாட்டுச் சில்லுகளை (மின்கருவிகளை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலர்களை) வாங்கி, சிங்கப்பூருக்கு வரவழைத்து, மூன்றாவது நாடு ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். 12 விழுக்காடு தரகு. முழுப் பணமும் முன்கூட்டியே வந்துவிட்டது. விநியோகஸ்தர் அனுப்பிய படிவத்தில் 'இறுதிப் பயனர்' என்ற இடத்தில் தம்பி தன் கடையின் பெயரை எழுதினார். 'பயன்பாடு' என்ற இடத்தில் 'பழுதுபார்ப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். சரக்கு சாங்கி விமான நிலையத்தில் இறங்கியது. இரண்டு நாள் கிடங்கில் கிடந்து, லேபிள் மாறி, மறுபடி விமானம் ஏறியது.

மூன்றாம் வாரம் வங்கியிலிருந்து கேள்விகள் வந்தன. அடுத்த மாதம் கணக்கை மூடிவிட்டார்கள். பிறகு விநியோகஸ்தரின் வழக்கறிஞர் கடிதம். "அக்கா, இது என்ன வெடிகுண்டா? சலவை இயந்திரத்தில் இருக்கிற சில்லுதானே?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

சலவை இயந்திரத்தில் இருக்கிற வகைச் சில்லுதான். உக்ரேனில் விழுந்த ரஷ்ய ஏவுகணைகளையும் ஆளில்லா வானூர்திகளையும் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டெடுத்ததும், எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரணச் சில்லுகளைத்தான். அதனால்தான் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், ஜப்பான் நான்கும் சேர்ந்து, போர்க்களத்துக்குப் போகக்கூடும் என்று 50 சரக்குக் குறியீடுகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. அதன் முதல் வரிசையிலேயே, இந்த வகைச் சில்லுகளுக்கான குறியீடான 8542.31 இருக்கிறது. தம்பியின் விலைப்பட்டியலிலும் அதே எண்தான். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணைக் கண்டதும் கை தானாக நின்றுவிடும். தம்பிக்கு அது ஓர் எண், அவ்வளவுதான்.

வெடிகுண்டாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வடகொரியாவுக்கு ஆடம்பரப் பொருள்களை அனுப்பிய ஒரு சிங்கப்பூர் நிறுவன இயக்குநருக்கு 2019-இல் ஏறத்தாழ மூன்று ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இனி, நால்வரும் சொன்ன ஒரே வாக்கியத்துக்கு வருகிறேன். "சிங்கப்பூர் திறந்த துறைமுகம், வழியில் போகிற சரக்குக்கு நமக்கென்ன?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. திறந்த துறைமுகம் என்றால் பெரும்பாலான பொருள்களுக்கு இறக்குமதி வரி இல்லை என்றுதான் பொருள். சரக்கு எங்கே போகிறது, யார் கையில் சேர்கிறது என்று கேட்க மாட்டார்கள் என்று யார் சொன்னது? ஆயுதங்களுக்கும் பயன்படக்கூடிய பொருள்களைக் கட்டுப்படுத்தும் உத்திசார் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. ஏற்றுமதி மட்டுமல்ல, இங்கே கப்பல் மாறும் சரக்கு, இந்த வழியே கடந்து போகும் சரக்கு, மின்னஞ்சலில் அனுப்பும் தொழில்நுட்ப வரைபடம் வரை அதற்குள் வரும். சிங்கப்பூர் மண்ணையே தொடாமல், இங்கே உட்கார்ந்து தரகு மட்டும் பேசினாலும் சில பொருள்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தும். பட்டியலில் இல்லாத பொருள்கூட, பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் பெர்மிட் இல்லாமல் நகரக் கூடாது. முதல் குற்றத்துக்கே 100,000 வெள்ளி அல்லது சரக்கு மதிப்பின் மூன்று மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம். இரண்டு ஆண்டு வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். வழியில் போகிற சரக்கு என்பதற்காகவே இந்தச் சட்டத்திலிருந்து முழு விலக்கு கிடையாது.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அடுத்த வாதத்துக்குப் போகிறார்கள். "அது வேறு நாட்டின் தடை, நம் சட்டம் இல்லையே." பாதி உண்மை இது, அதனால்தான் ஆபத்து. பிற நாடுகள் தன்னிச்சையாக விதிக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளைச் செயல்படுத்தும் சட்டக் கடமை சிங்கப்பூருக்கு இல்லை என்று 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. அதே பதிலில், சிங்கப்பூருடன் உள்ள தொடர்பைக் காட்டி அந்தக் கட்டுப்பாடுகளை ஏய்ப்பதைப் பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாம் பாதியை ஏன் யாரும் படிப்பதில்லை? அதே மாதக் கடைசியில், உயர்ரகச் சில்லுகள் பொருத்திய கணினிச் சர்வர்கள் தொடர்பாக மூவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. சாட்டப்பட்ட குற்றம் தடையை மீறியது அல்ல. சரக்கு யாரிடம் போய்ச் சேரும் என்று விநியோகஸ்தரிடம் பொய் சொன்னது. அவர்கள் குற்றவாளிகளா என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் அந்தக் குற்றத்துக்கு 20 ஆண்டு வரை சிறை உண்டு. படிவத்தில் நீங்கள் எழுதும் ஒரு பொய், எந்த நாட்டுத் தடையும் தேவையில்லாமலே, நம் தண்டனைச் சட்டத்துக்குள் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும்.

சிங்கப்பூர் தானே விதித்த தடையும் இருக்கிறது. 2022-இல், ஐ.நா. பாதுகாப்பு மன்றத் தீர்மானம் இல்லாமலேயே, ரஷ்யாவுக்கு இராணுவப் பொருள்களும், கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மின்னணு, கணினி, தொலைத்தொடர்புப் பொருள்களும் போவதற்கு நாம் தடை விதித்தோம். மூன்றாவது நாட்டு முகவரி அந்தத் தடையைக் கரைத்துவிடாது.

ஒரு சிறு கடைக்காரருக்கும் நாட்டின் பொருளியல் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் அரிசி மூட்டைகளுக்காக நம்மவர்கள் அலைந்தது நினைவிருக்கும். ஆகஸ்ட் முடிவதற்குள், சிங்கப்பூருக்கு அனுமதி தரப்போவதாக இந்தியா அறிவித்தது. இரு நாட்டு நல்லுறவுதான் அதற்குச் சொன்ன காரணம். அதற்கு முந்தைய ஆண்டு மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. 2007-இல் இந்தோனேசியா மணலை நிறுத்தியது. உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிற தீவு இது. ஆண்டு வர்த்தகமோ மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நம்மிடம் எண்ணெய் இல்லை, இரும்பு இல்லை, மணல்கூட இல்லை. சிங்கப்பூர் நிறுவனம் எழுதிக் கொடுத்தால் நம்பலாம் என்று பிற நாட்டு விற்பனையாளர் நினைப்பதால்தான் அவருடைய நல்ல சரக்கு இங்கே வருகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளுக்கு ஒரு விதி வெளியிட்டபோது, தடையின்றி வாங்கலாம் என்றிருந்த 18 நாடுகளில் சிங்கப்பூர் இல்லை. மே மாதம் அந்த விதியையே விலக்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த நான்கு மாதமும் என் வாடிக்கையாளர்களில் நேர்மையானவர்கள்தாம் கூடுதல் படிவங்களோடு அல்லாடினார்கள்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 15 அன்று முழுமைத் தற்காப்பு தினத்தில் பொருளியல் தற்காப்பு பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பாடம் கடை வைத்திருக்கும் பெற்றோருக்கும் போக வேண்டும்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. படிவத்தில் இறுதிப் பயனர் என்று கேட்டால், பொருளைப் பிரித்துப் பயன்படுத்தப்போகிறவர் யாரோ அவர் பெயரை எழுதுங்கள். தெரியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்கும் நிறுவனம் எப்போது பதிவானது, முன்பு என்ன விற்றது என்று பாருங்கள். ரொட்டிக் கடை திடீரென்று சில்லு வாங்காது. சேருமிடம் இன்னொரு சரக்கு முகவரின் கிடங்காக இருந்தால் கேளுங்கள். உத்தரவாதம் வேண்டாம், தொழில்நுட்ப உதவி வேண்டாம், அட்டைப்பெட்டியில் உற்பத்தியாளர் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள் என்பவரிடம் வியாபாரமே வேண்டாம். பேரம் பேசாமல் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டும் வாங்குநரைக் கண்டால், இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்கு வயிறு கலங்குகிறது. ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருங்கள். 'எங்களுக்கு எல்லாம் முகவர் பார்த்துக்கொள்வார்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நீங்கள் எழுதிக் கொடுப்பதைத்தான் நான் சுங்கத்துறைக்கு அறிவிக்கிறேன்.

இளம் இயக்குநர்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் சில நூறு வெள்ளிக்காக முன்பின் தெரியாத நிறுவனத்தில் இயக்குநராகப் பெயர் கொடுக்காதீர்கள். சரக்கு போனபின் விசாரணை அதிகாரி தேடி வருவது உங்கள் வீட்டுக் கதவைத்தான், அம்மா அப்பா இருக்கிற வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கதவை.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? மறைக்காதீர்கள். தாமாக முன்வந்து தவற்றைத் தெரிவிப்பவர்களுக்குச் சுங்கத்துறையில் ஒரு திட்டம் இருக்கிறது. அவர்கள் உங்களைத் தேடி வருவதற்கு முன்பே நீங்கள் போனால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள், கைபேசியில் உள்ள உரையாடல்களை அழிக்காதீர்கள். தம்பி பதற்றத்தில் அழித்துவிட்டார். அவரை ஏமாற்றியவர் என்ன சொல்லி நம்பவைத்தார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அதுதான்.

சரக்கு இன்னும் சாங்கிக் கிடங்கில் கிடக்கிறது என்றால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உங்கள் முகவரை இப்போதே அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள். விமானம் ஏறும் வரை அது உங்களால் முடியும்.