மலையகத்துக்கு வேலையாக வரும் ஓட்டக்காரர்களுக்கு

எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்து ஆட்கள். கொழுந்து சுமந்த கழுத்து வலி, இடுப்பு வலி. இடையிடையே இன்னொரு கூட்டமும் வரும். வேலையாக வந்து ஹட்டனிலோ நுவரெலியாவிலோ சில நாள் தங்கி, ஊரில் விடாத காலை ஓட்டத்தை இங்கேயும் விடக்கூடாது என்று ஓடியவர்கள். கணக்காய்வுக்கு வந்த வங்கிக்காரர்கள், பயிற்சிப் பட்டறைக்கு வந்த ஆசிரியர்கள், மருந்துக் கம்பனிப் பிரதிநிதிகள், கள உத்தியோகத்தர்கள். எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஆளைப் படுக்கப் போடுவது இறக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர், மேடு பள்ளமில்லாத பண்ணைப் பாலத்தில் ஓடிப் பழகியவர். இங்கே தோட்டத்துப் பாதையில் ஏறி அதே வழியால் இறங்கியிருக்கிறார். “ஏறேக்க ஒண்டும் செய்யேல்லை டொக்டர், இறங்கி வரேக்கதான் முழங்கால் பிடிச்சது” என்றார். (நான் டொக்டர் இல்லை. அதைச் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.) படியில் ஒற்றைக் காலில் நிற்க வைத்து, மற்றக் காலை மெதுவாகக் கீழ்ப்படிக்கு இறக்கச் சொன்னேன். நின்ற காலின் முழங்கால் நடுங்கிக்கொண்டே உள்பக்கம் சாய்ந்தது. சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தால் குதியின் பின்விளிம்பு கல்லில் உரசிப் பிய்ந்திருந்தது. நெஞ்சைப் பின்னுக்குச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி, அடிக்கு அடி குதியால் பிரேக் போட்டபடி இறங்கியிருக்கிறார்.

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி வேலை செய்யும். இறங்கும்போது அது நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும். இப்படி நீளும்போது பாரம் தாங்கும் தசையில்தான் நுண்ணிய கிழிசல் அதிகம் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்கு வரும். திங்கட்கிழமை காலை ஜோராக ஓடியவர், புதன்கிழமை கூட்டத்தில் கதிரையை விட்டு எழும்ப மேசையைப் பிடிப்பது இதனால்தான்.

ஆனால் தசை சீக்கிரம் பாடம் படிக்கும். அளவான இறக்கத்தை ஒருமுறை பழக்கிவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவாக வலிக்காது. பயணம் முன்கூட்டியே தெரிந்தால், புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போதே வீட்டிலோ அலுவலகத்திலோ மாடிப்படியில் ஒவ்வொரு படியாக மூன்று செக்கன் எண்ணி இறங்கிப் பழகுங்கள். கொழும்பில் மலை இல்லாவிட்டாலும் மாடிப்படிக்குப் பஞ்சமில்லை. இங்கே வந்த பின் இறக்கத்தில் அடியைக் குறுக்கி, அடிக்கடி வைத்து, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழுமாறு இறங்குங்கள். செங்குத்தான இடத்தில் நடந்தே இறங்குங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மலையில் பிறந்தவர்களும் அங்கே நடந்துதான் இறங்குகிறார்கள்.

அடுத்தது உயரம். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர், ஹட்டன் 1,270 மீற்றர் அளவு, நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் கைக்கடிகாரம் காட்டும் வேகம் குறையத்தான் செய்யும், ‘உடம்பு விழுந்துவிட்டது’ என்று பதறி விரட்டாதீர்கள். கிலோமீற்றரை விட்டுவிட்டு நிமிடக் கணக்கில் ஓடுங்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சரியான வேகம். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் பம்பைப் பொக்கற்றில் வைத்துக்கொள்ளுங்கள், விடியற்காலைக் குளிர்காற்று இழுப்பைக் கிளப்பிவிடும்.

தினமும் ஓடியே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தையும் கொஞ்சம் தளர்த்தலாம். ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில், வாரம் 6 நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை 2 நாளுக்கும் 4 நாளுக்கும் குறைக்கச் செய்து பார்த்தார். பயிற்சியின் கடுமை குறையாதவரை, 15 வாரம் கழித்தும் அவர்களின் பிராணவாயு உள்ளெடுக்கும் திறன் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அப்படியிருக்க ஐந்து நாள் வேலைப் பயணத்தில் எதுவும் கரைந்துவிடாது. இரண்டு நாள் ஓடுங்கள், அதில் ஒரு நாள் ஏற்றத்தில் கொஞ்சம் மூச்சு வாங்க. மற்ற நாட்களில் அறையிலேயே குதி உயர்த்துதல், சுவரில் முதுகைச் சாய்த்துக் கதிரையில்லாமலே கதிரையில் இருப்பதுபோல் இருத்தல் போதும். கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயிலில் ஒன்பது பத்து மணித்தியாலம் இருந்து வந்த அன்றைக்கே ஓடக் கிளம்புவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அன்று நடை மட்டும்.

எங்கே ஓடுவது? கண்டியில் கவலையே இல்லை, கடைசி மன்னர் 1807இல் வெட்டிய வாவியைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாகச் சமதரை இருக்கிறது. நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் நல்லது. ஏப்ரல் வசந்த காலத்தில் மட்டும் வாகன நெரிசல் தாங்காது. ஹட்டனில் சமதரை அபூர்வம், டன்பார் மைதானத்தில் சுற்றுவது அலுப்பாக இருந்தாலும் முழங்காலுக்கு நல்லது. பிரதான வீதியில் ஓடினால் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள். எதிரே வருவது தெரியாத முட்டு வளைவில் மட்டும், டிரைவருக்கு நீங்கள் தெரியும் வெளிப்பக்கத்துக்கு முன்கூட்டியே மாறிவிடுங்கள். பனிமூட்டம் என்றால் வீதியே வேண்டாம். ரயில் பாதையில் சிலிப்பர் கட்டை மேல் ஓடிப் படம் எடுக்கிறவர்களுக்கு என்னிடம் ஆலோசனை எதுவும் இல்லை, இறங்குங்கள் என்பதைத் தவிர.

தேயிலை மலைக்குள் ஓடுவதாக இருந்தால் முதலில் தோட்டத்து ஆட்களிடம் கேளுங்கள். எந்த மரத்தில் குளவிக் கூடு இருக்கிறது, எந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். குளவி கொட்டி வேலைத்தளத்திலேயே உயிர் போனவர்கள் இங்கே இருக்கிறார்கள். கூடு கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு ஓடுங்கள். அந்த நேரம் மட்டும் வேகம் பார்க்க வேண்டாம்! நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அட்டை கடிப்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

வலி வந்தால்? தொடை முழுக்கப் பரவலாக நோவது தானாக ஆறும். முழங்காலில் ஒரே இடத்தில் குத்தினாலோ வீங்கினாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். இரண்டு விஷயங்களுக்கு மட்டும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். ஒன்று, கடும் இறக்கம் ஓடிய பின் சிறுநீர் பிளேன்டி (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போவது; தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி அது. மற்றது, நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி நோவது. இரத்தக்கட்டியாக இருக்கலாம் என்பதால் தைலம் பூசி உருவவே கூடாது. ஹட்டன் பக்கம் என்றால் டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை, மேலே நுவரெலியா, அந்தப் பக்கம் பதுளை. வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாகவே வரும்.