ஓகாக்கி: தானாகப் பொங்கும் கிணறுகள்

ஜப்பானின் கிஃபு மாநிலத்திலுள்ள ஓகாக்கியை அந்நாட்டினர் ‘நீர் நகரம்’ என்று அழைக்கின்றனர். அங்கே பல இடங்களில், ஆழத் துளையிட்டுக் குழாயை இறக்கினால் நிலத்தடி நீர் மோட்டாரின் உதவியின்றியே மேலே வந்து வழிகிறது.

இதற்கான காரணம் நிலத்தின் சாய்வில் இருக்கிறது. யோரோ மலையடிவாரத்து நிலப்பிளவை ஒட்டி, ஓகாக்கி அமைந்துள்ள நோபி சமவெளியின் மேற்குப் பகுதி பல இலட்சம் ஆண்டுகளாகத் தாழ்ந்துகொண்டே வருகிறது. அந்தப் பள்ளத்தை ஆறுகள் சரளைக்கற்களாலும் மணலாலும் நிரப்பின. கடல்மட்டம் உயர்ந்த காலங்களில் அவற்றின்மேல் களிமண் படிந்தது. வடக்கே, இபி ஆறு மலையைவிட்டு இறங்கும் மேட்டுப்பகுதியில் களிமண் மூடாத சரளைப் பரப்பு உண்டு. மழைநீரும் உருகிய பனிநீரும் அதன்வழியே உள்ளிறங்கி, தெற்கே களிமண்ணுக்கு அடியில் சிறைப்படுகின்றன. நீர் புகும் இடம் நகரைவிட உயரமாக இருப்பதால், மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயைத் திறந்தது போல, துளையிட்டவுடன் அழுத்தம் நீரை நிலமட்டத்துக்கு மேலே தள்ளிவிடுகிறது. இவையே ஆர்ட்டீசியன் கிணறுகள்.

ஆழத்திலிருந்து வரும் இந்நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 15 டிகிரி செல்சியஸ்தான். கோடையில் கடைவாசல் தொட்டிகளில் இந்நீர் ஓடிக்கொண்டேயிருக்க, அதில் சிறு பீங்கான் கிண்ணங்கள் அமிழ்ந்திருக்கும். கிழங்கு மாவின் கண்ணாடி போன்ற உறைக்குள் பயறுப் பூரணம் தெரியும் ‘மிசு மஞ்சூ’ என்னும் இனிப்பு அவற்றில் குளிர்ந்துகொண்டிருக்கும்.

நிலம் தாழ்ந்த பக்கமே ஆறுகளும் ஒதுங்குகின்றன. ஆகவே ஓகாக்கி படகுத்துறையாகவும் விளங்கியது. ஹைக்கூக் கவிஞர் மட்சுவோ பாஷோ 1689-இல் எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) வடதிசை நோக்கித் தொடங்கிய நெடும்பயணம் இங்கேதான் முடிந்தது. அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய ‘ஓகு நோ ஹோசோமிச்சி’ நூலின் இறுதிக் கவிதை, அவர் இங்கிருந்து இசே ஆலயத்துக்குப் படகேறிய பிரிவைச் சொல்கிறது. கோட்டை அகழியாகவும் பயன்பட்ட சுய்மோன் ஆறுதான் அந்தப் படகுவழி.

20ஆம் நூற்றாண்டில் நூற்பாலைகளும் பிற ஆலைகளும் இங்கே பெருகியதற்கு, மலையில் கிடைத்த நீர்மின்சாரத்தோடு இந்த நிலத்தடி நீரும் முக்கியக் காரணம். ஆனால் அளவுக்கு மீறி உறிஞ்சியபோது, அடியில் நீர் இருந்தும் அழுத்தம் குறைந்து பல கிணறுகளில் பொங்குதல் நின்றது. பின்னர் உறிஞ்சும் அளவு குறைந்ததும் நீர்மட்டம் மீண்டது. சரளைப் படுகை இவ்வாறு மறுபடி நிறையும். நீரை இழந்து இறுகிய களிமண்ணோ பழைய தடிமனுக்குத் திரும்பாது. அதனால்தான் சமவெளியின் தென்பகுதியில் அக்காலத்தில் அமிழ்ந்த நிலம், நீர்மட்டம் உயர்ந்த பின்னரும் அமிழ்ந்தே கிடக்கிறது.