ஜோர் என்றால் கணவாயா?

ஆர்மேனியாவின் தெற்கே, சியூனிக் மாகாணத்தில், கோரிஸ் நகருக்குப் பக்கத்தில் க்ந்த்ஜோரெஸ்க் என்றோர் ஊர். அதன் பெயரை ‘ஆப்பிள் கணவாய்’ என்று தமிழாக்கியிருப்பதை மூன்றாம் முறையாகப் படித்துவிட்டேன். இனியும் பொறுக்க முடியாது.

ஆர்மேனியத்தில் ‘க்ந்த்ஜோர்’ ஆப்பிள். ‘கோர்’ ஆழம், ‘ஜோர்’ ஆறு அறுத்த மலைப்பள்ளம். ஆப்பிளிலிருந்து பிறந்தது என்பார் சிலர். ‘கோர்ஜோர்’ திரிந்து வந்தது என்பார் சிலர். ஏதாவது ஒன்றைத்தான் எடுக்கலாம். ஆப்பிளையும் ஜோரையும் சேர்த்துக்கொள்வது ஒரே மாட்டை இரண்டு சந்தையில் விற்கிற கதை.

ஊரைப் பார்த்தால் இரண்டாவதே எனக்குச் சரியாகப் படுகிறது. செங்குத்துச் சரிவெங்கும் குடைந்த குகை வீடுகள். 1950கள் வரை அவற்றில் ஆட்கள் வாழ்ந்தார்கள். இன்றைய ஊர் மேலே மேட்டில் இருக்கிறது.

சரி, கணவாய்க்கு வருவோம். கணவாய் மலையைக் கடக்க வழிவிடுவது. பாலக்காட்டுக் கணவாய் இல்லையென்றால் கோவைக்கு அந்தக் காற்று ஏது? ஜோரோ வழியை மறிப்பது. க்ந்த்ஜோரெஸ்க்கில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகத்தானே 2012இல் 160 மீட்டர் நீளத்துக்குத் தொங்குபாலம் கட்டினார்கள்! கணவாய்க்கு ஆர்மேனியர்களிடம் ‘லெர்னான்ஸ்க்’ என்று தனிச்சொல்லே உண்டு. வயோட்ஸ் ஜோர் மாகாணத்திலிருந்து செவான் ஏரிப் பக்கம் ஏறிப்போகும் செலிம்தான் கணவாய். 1332இல் வணிகர்களுக்காகக் கட்டிய சத்திரம் இன்னும் அங்கே நிற்கிறது. மலை சம்பந்தப்பட்ட எந்தச் சொல்லைக் கண்டாலும் கணவாய் என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். நிலப்படத்தைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா?

‘பள்ளத்தாக்கு’ பிழையில்லை. ஆனால் அதைக் கேட்டால் அகன்ற வயல்வெளிதான் கண்ணில் வருகிறது. கொடைக்கானல் மலைப்பக்கம் ‘கெவி’ என்கிறார்களே, எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளத்துக்கு, அதுதான் இங்கே பொருந்தும். குகையைக் ‘கெபி’ என்கிற வழக்கும் நம்மிடம் உண்டு. குகை வீட்டு ஊருக்கு இதைவிட நெருக்கமாக எது கிடைக்கும்? ‘ஆழ்கெவி’ என்று எழுதுங்கள். அகவ்னாஜோர் என்ற ஊரைப் ‘புறாக்கெவி’ எனலாம். ‘அகவ்னி’ என்றால் புறா.

வயோட்ஸ் ஜோர் முழு மாகாணம். அதைப் பள்ளத்தாக்கு என்றால் சண்டைக்கு வரமாட்டேன்.