தோக்கோபெரோல்: ஈற்றோடு பிறந்த பெயர்

கிளிநொச்சியில் மாடு வளர்க்கும் மாமி போன கிழமை எடுத்துக் கேட்டார். வெள்ளவத்தையிலிருந்து நான் வாங்கி அனுப்பிய மாட்டுச் சத்துத்தூள் பையில் 'தோக்கோபெரோல்' என்று போட்டிருக்கிறதாம். "இதென்ன தம்பி, மருந்தோ?"

மருந்தில்லை. விற்றமின் ஈயின் வேதிப்பெயர் அது. கிரேக்கத்தில் 'தோக்கோஸ்' என்றால் பிள்ளைப்பேறு, 'பெரெய்ன்' என்றால் சுமத்தல். 'ஓல்' என்ற முடிவு அற்ககோல் வகையைக் காட்டும். 1922இல் கலிபோர்னியாவில் எவன்ஸ், பிஷப் என்ற ஆய்வாளர்கள் இருவர் எலிகளுக்கு இந்தச் சத்தில்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் சினைப்பட்டன, ஆனால் குட்டிகள் கருவிலேயே அழிந்தன. அதனால்தான் அந்தப் பெயர்.

'ஈ' என்பது வெறும் வரிசை எழுத்து. டீக்கு அடுத்தது. ஆனால் பசு ஈன்றது, தலையீற்று, இரண்டாம் ஈற்று என்று நாம் சொல்லும் ஈயும் இதுவே. தற்செயலாக அமைந்ததுதான் என்றாலும், மாமிக்கு இதைச் சொல்லித்தான் விளங்கப்படுத்தினேன்.

ஏனென்றால் பசுவுக்கு இந்தச் சத்து அதிகம் தேவைப்படுவதும் ஈற்றை ஒட்டிய வாரங்களில்தான். அப்போது இரத்தத்தில் அதன் அளவு இறங்குகிறது. ஒரு பங்கு கடும்புப் பாலோடு கன்றுக்குப் போய்விடுகிறது. அதே நாட்களில் வெண்குருதிக் கலங்களும் சோர்கின்றன, மடிவீக்கம் வருகிறது. இந்தக் கலங்கள் கிருமியை விழுங்கி, உள்ளே வீரியமான ஒட்சிசன் சேர்வைகளை உண்டாக்கி அதைக் கொல்லும். அந்தச் சேர்வைகள் கலத்தின் சொந்த மென்சவ்வையும் தாக்கும். சவ்வின் கொழுப்புக்குள் இருக்கும் விற்றமின் ஈ அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. செலனியம் என்ற கனிமம் இதற்குத் துணை. செலனியம் கூடினால் நஞ்சு, ஆகவே அளவை மிருக வைத்தியரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

சரி, 'விற்றமின்' எங்கிருந்து வந்தது? 1912இல் காசிமிர் பங்க் என்ற உயிர்வேதியியலாளர் உண்டாக்கிய சொல். அவர் தேடியது நரம்பும் இதயமும் தளரும் பெரிபெரி நோய்க்கு மருந்தாகும், அரிசித் தவிட்டில் உள்ள பொருளை. பெரிபெரி என்ற பெயரைப் பல அகராதிகள் சிங்களச் சொல்லென்கின்றன. கொழும்பில் நாளும் காதில் விழும் சிங்களப் 'பெரி'க்கு, முடியாது என்பதுதான் பொருள். இலத்தீனில் 'வீற்றா' உயிர். அதோடு நைதரசன் உள்ள சேர்வை வகையான 'அமீன்' என்பதைச் சேர்த்தார், இந்தச் சத்துகள் எல்லாமே அமீன்கள் என்று நம்பியதால். அது பிழையாகிப் போனது. தோக்கோபெரோலில் நைதரசனே கிடையாது. 1920இல் டிரம்மண்ட் என்ற இன்னொரு உயிர்வேதியியலாளர் 'vitamine' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை வெட்டினார், அமீன் நினைவு கொஞ்சம் குறையட்டுமென்று.

தமிழில் 'உயிர்ச்சத்து' என்கிறோம். பங்க் சரியாகச் சொன்ன பாதியை வைத்துக்கொண்டு பிழையான பாதியை விட்டுவிட்ட சொல் இது. எனக்கு அதனால்தான் இதில் இவ்வளவு பிரியம். பையிலும் 'உயிர்ச்சத்து ஈ' என்றே அச்சிடலாம்.

விற்றமின் பீ வகைகளைப் பசுவின் அசைபோடும் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களே செய்துவிடும், சீயை ஈரல் செய்யும். ஈயைப் பசு தின்றுதான் பெற வேண்டும். பச்சைப் புல்லில் அது நிறைய உண்டு, காய்ந்த வைக்கோலில் மிகக் குறைவு. மாமி வீட்டில் இப்போது வைக்கோல்தான். பசுவுக்கு அடுத்த மாதம் மூன்றாம் ஈற்று.