மவுண்ட்: ஏற்றுவதா, பொருத்துவதா?

லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் குறுந்தகட்டைப் போட்டுவிட்டு, கோப்புகளைக் காணவில்லையே என்று தேடுகிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "மவுண்ட் செய்தீர்களா?"

தகட்டிலுள்ள கோப்புகள் கணினியில் தெரியும்படி இணைப்பதுதான் மவுண்ட். இந்தச் சொல்லின் வேர், மலையைக் குறிக்கும் 'மோன்ஸ்' என்ற லத்தீன் சொல். அதிலிருந்து ஏறுதல் என்ற பொருளும், பிறகு ஒன்றை அதற்குரிய இடத்தில் நிறுத்திப் பொருத்துதல் என்ற பொருளும் கிளைத்தன. மோதிரத்தில் கல் பதிப்பதும் ஆங்கிலத்தில் மவுண்ட்தான். பரங்கிமலையால் பெயர் பெற்ற சென்னை மவுண்ட் ரோட்டில் இருப்பதும் இதே சொல்.

கணினிக்கு வந்தது பொருத்துதல் என்ற பொருளில். பெருங்கணினிக் கூடங்களில் காந்த நாடாச் சுருளையும் வட்டுத் தொகுதியையும் ஊழியர்கள் கையால் தூக்கி இயக்ககத்தில் (டிரைவ்) மாட்டினார்கள். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின், 1971 நவம்பரில் வந்த முதல் பதிப்பின் கையேட்டிலேயே மவுண்ட் கட்டளை உண்டு. வட்டிலுள்ள கோப்பு முறைமையை, அதாவது கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பை, ஏற்கெனவே இருக்கும் அடைவு (ஃபோல்டர்) மரத்தின் ஒரு கிளையில் சேர்ப்பது அதன் வேலை.

ஆகவே யூனிக்ஸ் வழியில் கருவியின் பெயர் வேறு, தகடு தென்படும் இடம் வேறு. லினக்ஸில் இயக்ககத்தின் பெயர் 'எஸ்ஆர்0'. ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறையிலான இயக்ககங்கள் பலவற்றுக்கு 'எச்டிசி'. தகட்டின் உள்ளடக்கமோ 'மீடியா' அடைவுக்குள் தெரியும். மேக்கில் அந்த இடம் 'வால்யூம்ஸ்'. அங்கே தகட்டின் பெயரே அடைவின் பெயராகிவிடும். விண்டோஸில், சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து வழக்கப்படி ஓர் எழுத்து, பெரும்பாலும் 'டி'. பயனர் கண்ணுக்குக் கருவியும் இடமும் அங்கே ஒன்றாகிவிடுவதால், மவுண்ட் என்ற சொல்லையே கேள்விப்படாமல் பல ஆண்டுகள் ஓட்டிவிடலாம்.

இசைத்தகட்டை லினக்ஸில் இப்படி மவுண்ட் செய்ய முடியாது. அதில் ஒலித்தடங்கள்தாம் உண்டு, கோப்பு முறைமை இல்லை. தகட்டைச் செருகுவதும் மவுண்ட் செய்வதும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழில் 'ஏற்று' என்று சொல்லத் தோன்றும். வேர்ப்பொருளும் அதற்கு இடம் தரும். ஆனால் நினைவகத்தில் ஏற்றுவது, பதிவேற்றுவது என்று அந்தச் சொல்லை வேறு வேலைகளுக்குக் கொடுத்துவிட்டோம். இங்கே தரவு எதுவும் எங்கும் ஏறுவதில்லை. தகட்டிலேயே இருக்கிறது, வழி மட்டும் திறக்கிறது. 'பொருத்து' என்பதே சரி. மவுண்ட் பாயிண்ட் பொருத்துமிடம், அன்மவுண்ட் கழற்று. தகட்டைக் குறுவட்டு என்றாலும், ஈழத்து வழக்கில் இறுவட்டு என்றாலும், இந்த வினைகள் இயல்பாகச் சேரும். பல லினக்ஸ் கணினிகளில், பொருத்திய தகட்டைக் கழற்றும் வரை இயக்ககத்தின் பொத்தானை அழுத்தினாலும் தட்டு வெளியே வராது.