‘கணக்கு படி’ என்று டைம்டேபிளில் எழுதாதீர்கள்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்த பிறகு, ஜனவரியில் பத்தாம் வகுப்புப் பெற்றோரைப் பள்ளிக்கு வரச் சொல்வோம். அப்படி வந்த ஓர் அம்மா, வீட்டுச் சுவரிலிருந்து பிய்த்தெடுத்த சார்ட் தாளை நாலாக மடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்ட டைம்டேபிள். காலை 4 மணி முதல் 5.30 வரை, வாரத்தில் ஏழு நாளும், ‘கணக்கு படி’. பையன் அரையாண்டில் வாங்கியிருந்தது 38.

“தெனமும் நாலு மணிக்கு நாந்தான் டீச்சர் எழுப்பிவிடுறேன். டீயப் போட்டுக் குடுத்துட்டுக் கூடவே உக்காந்திருக்கேன். இன்னும் முன்னாடியே எழுப்பணுமா?”

பையனிடம் ரஃப் நோட்டைக் கேட்டேன். புத்தகத்தை நீட்டினான். எடுத்துக்காட்டுக் கணக்குகள் எல்லாவற்றிலும் மஞ்சள் ஹைலைட்டர் ஓடியிருந்தது. ரஃப் நோட்டில் நவம்பருக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அந்த அம்மா பொய் சொல்லவில்லை, பையனும் ஏமாற்றவில்லை. டைம்டேபிளில் என்ன எழுதியிருந்ததோ அதைத்தான் செய்திருக்கிறான். கணக்கைப் படித்திருக்கிறான்.

ஒரு தாளைக் கொடுத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ரேகா கணக்கைப் போடச் சொன்னேன். ரேகாவிடம் 10 செ.மீ., 11 செ.மீ. என்று 24 செ.மீ. வரை பக்கம் கொண்ட 15 சதுர வண்ணத்தாள்கள். மொத்தம் எவ்வளவு பரப்பை அலங்கரிக்கலாம்? “இது தெரியும் டீச்சர்” என்று உட்கார்ந்தவன் 14 நிமிடம் எடுத்துக்கொண்டான். 4515 என்று எழுதி இரண்டு கோடு போட்டு நீட்டினான்.

சரியான விடை 4615 ச.செ.மீ. ஒன்றிலிருந்து 24 வரையிலான எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 4900. அதில் நமக்கு வேண்டாதது 1 முதல் 9 வரை, அதாவது 285. இவன் 10 வரை கழித்துவிட்டான், 385. பத்து செ.மீ. தாள் ரேகாவிடம் இருக்கிற தாள், அதைக் கழிக்கக் கூடாது என்பதைப் புத்தகத்தில் எத்தனை முறை வாசித்தாலும் கண் தாண்டிப் போய்விடும். கையால் ஒருமுறை தப்பாகப் போட்டு, ஒரு மதிப்பெண்ணாவது இழந்தால்தான் மண்டையில் ஏறும். அலகும் எழுதவில்லை. அதற்கும் மேலே அந்த 14 நிமிடம். பொதுத்தேர்வில் ஒரு ஐந்து மதிப்பெண் கணக்குக்கு எட்டரை நிமிடத்துக்கு மேல் கொடுக்க வழியில்லை.

அது எப்படி வந்தது என்று பார்ப்போம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வு 100 மதிப்பெண். எழுத 3 மணி நேரம், அதாவது 180 நிமிடம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, நெருக்கிப் பிடித்தால் 15 நிமிடம். இரண்டு மதிப்பெண் பதினான்கில் பத்து, ஆளுக்கு மூன்று நிமிடம் என்று 30. கடைசிப் பகுதியில் வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். இரண்டுக்கும் சேர்த்து 35. சரிபார்க்க 15 ஒதுக்குங்கள். மிச்சம் 85 நிமிடம். அதற்குள் பத்து ஐந்து மதிப்பெண் கணக்குகள். இந்தக் கணக்கை நான் ஜூன் மாதமே கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். ஜனவரியில் யாருக்கும் நினைவிருக்காது.

ஆகவே டைம்டேபிளில் ‘கணக்கு படி’ என்ற வரியை அடித்துவிட்டு, எந்தக் கணக்கு, எத்தனை, எத்தனை நிமிடம் என்று எழுதச் சொல்கிறேன். ‘இயல் 2, ஐந்து மதிப்பெண் 3, 26 நிமிடம், புத்தகம் மூடி.’ ஒரு நாளைக்கு இது போதும். ஒன்றரை மணி நேரம் வேண்டாம். செல்போனில் அலாரம் வைத்துவிட்டு அந்த செல்போனை அடுத்த அறையில் வைக்க வேண்டும். ஒரே அறை வீடு என்றால் அம்மா கையில்.

அலாரம் அடித்ததும் விடையைச் சரிபார்க்கும்போது தப்புகளை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன். தெரியாமல் போட்ட தப்பு ஒன்று, கைத்தப்பு இன்னொன்று. தெரியாததை ஆசிரியரிடம் கேட்டால் தீர்ந்தது. குறி மாறுவது, அலகு விடுவது, வினாத்தாளில் 16 என்றிருப்பதை விடைத்தாளில் 10 என்று எழுதுவது போன்ற கைத்தப்புகளுக்கு வைத்தியம் கிடையாது, எழுதி எழுதித்தான் குறையும். “எல்லாம் தெரியும், ஆனா மார்க் வரல” என்கிற பிள்ளைகளின் தாளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கைத்தப்புதான்.

இனி நாள்காட்டி. அரையாண்டோடு பெரும்பாலான பள்ளிகளில் எட்டு இயல்களும் முடிந்துவிடும். ஜனவரி நடுவிலிருந்து பொதுத்தேர்வு வரை எண்ணினால் எட்டு, பத்து சனி, ஞாயிறுகள் கிடைக்கும். அவற்றில் வாரம் ஒரு நாள் முழுத்தேர்வு எழுத வேண்டும். காலை 10 மணிக்கு உட்கார்ந்து 1.15-க்கு எழ வேண்டும். ஏன் அந்த நேரம்? பொதுத்தேர்வு அந்த நேரத்தில்தான். 10 மணிக்கு வினாத்தாள், 10 நிமிடம் வாசிக்க, 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15-லிருந்து எழுத. விடிகாலை நாலு மணிக்கு மட்டுமே கணக்குப் போட்டுப் பழகிய பிள்ளைக்குப் பகல் 12 மணிக்குத் தலை சுற்றும். எங்கள் வகுப்பில் திருப்புதல் தேர்வுத் தாள்களைப் பார்த்தாலே தெரியும், முதல் ஒன்றரை மணி நேரத்துக் கையெழுத்தும் கடைசி அரை மணி நேரத்துக் கையெழுத்தும் ஒரே ஆளுடையது போலவே இருக்காது.

இதில் பெற்றோருக்கு ஒரு வேலை உண்டு. அந்த மூன்றேகால் மணி நேரம் கடைக்குப் போகச் சொல்லாதீர்கள். டீ, பிஸ்கட் வேண்டாம். தேர்வறையில் யாரும் தரப்போவதில்லை.

பழைய வினாத்தாள்களை வைத்தே எழுதலாம். ஆனால் போன வருடத் தாளை மட்டும் பார்த்து ‘இவ்வளவுதான் கேட்பாங்க’ என்று முடிவுகட்ட வேண்டாம். 2024-ல் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 20,691 பேர். 2025-ல் 1,996 பேர். பாடப்புத்தகம் அதேதான், வினா அமைப்பும் அதேதான். ஒரே வருடத்தில் பிள்ளைகளின் மூளை பத்தில் ஒன்றாகச் சுருங்கியிருக்காது; தாளின் கடினம் ஆண்டுக்காண்டு மாறும். வாட்ஸ்அப்பில் ‘இந்த 20 கணக்கு போதும்’ என்று வருகிற பி.டி.எஃப்.களை நான் தேர்ச்சிக்கே தடுமாறும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கொடுப்பேன். அவர்களுக்கும் அதோடு நிறுத்துவதில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 35 வாங்கத் திணறும் பிள்ளைக்கு என் பதில் எப்போதும் கடைசிப் பகுதிதான். வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, வரைபடம். 16 மதிப்பெண். எண்களோடு மல்லுக்கட்டத் தெரியாத பிள்ளைகூடக் காம்பஸைப் பிடித்து அழகாக வரையும். உதவிப்படம் வேண்டும், வரைமுறையையும் எழுத வேண்டும்.

வரைபடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் மைனஸ் 12 வரையச் சொன்னால், அட்டவணையில் –1-க்கும் –12 வரும், 0-க்கும் –12 வரும். உடனே ஸ்கேலை வைத்து அந்த இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடுவார்கள். பரவளையம் அடிப்பக்கம் தட்டையாக, இட்லிச் சட்டி மாதிரி நிற்கும். உண்மையில் நடுவில் –0.5 இடத்தில் வளைவு –12.25 வரை இறங்கித் திரும்புகிறது. ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுக் கையால் வளைக்க வேண்டும். அளவுத்திட்டத்தை மேல் மூலையில் எழுத மறக்கக் கூடாது. இதெல்லாம் தெரியாத விஷயம் இல்லை, பத்து கிராஃப் போட்டால் பதினோராவதில் தானாக வரும்.

ஒரு மதிப்பெண் வினாவுக்கு ‘இ’ என்று மட்டும் எழுதிவிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே இருக்கிறது. நீலம் அல்லது கருப்பு மை மட்டும்தான் என்பதும் அங்கேதான் இருக்கிறது. வண்ண வண்ணமாக அடிக்கோடு போட்டுப் பழகிய பெண்பிள்ளைகள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, 28-ஆம் வினாவும் 42-ஆம் வினாவும் கட்டாயம். இரண்டு மதிப்பெண் பகுதியில் பதினான்கில் பத்து எழுதினால் போதும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பத்தில் ஒன்று 28-ஆக இருக்க வேண்டும். ஐந்து மதிப்பெண் பகுதியில் 42-உம் அப்படியே. மற்றதில் பத்தை எழுதிவிட்டு இதை விட்டால் ஐந்து மதிப்பெண் அப்படியே போச்சு. அந்த முதல் 10 நிமிட வாசிப்பில் இந்த இரண்டு எண்களைத்தான் முதலில் தேடச் சொல்கிறேன். விடை முழுதாகத் தெரியாவிட்டாலும் சூத்திரத்தை எழுதி, எண்களைப் பிரதியிட்டு, போன வரைக்கும் எழுதிவிட்டு வரலாம். படிக்குப் படி மதிப்பெண் பிரித்துத்தான் போடுகிறோம். ரேகா கணக்கில் 4515 எழுதிய பையனுக்கும் பூஜ்யம் போட மாட்டோம்.

தேர்வுக்கு இடையே கிடைக்கும் விடுமுறையை முன்கூட்டியே கணக்கிடுங்கள். 2025-ல் ஏப்ரல் 2-ஆம் தேதி ஆங்கிலம் முடிந்து 7-ஆம் தேதி கணிதம். விருப்பமொழி எழுதாதவர்களுக்கு நடுவில் நான்கு முழு நாள். 2024-ல் மார்ச் 28 ஆங்கிலம், ஏப்ரல் 1 கணிதம், மூன்று நாள்தான். அட்டவணை வந்த அன்றே காலண்டரில் இதை வட்டமிட வேண்டும். இந்த நாள்களில் புதிய கணக்கைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. சக ஆசிரியர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் நாள் ஒரு முழுத்தேர்வு, அடுத்த நாள் அதில் விட்ட இடங்கள். கடைசி நாள் தேற்றக் கூற்றுகளும் சூத்திரங்களும், சாயங்காலத்தோடு முடித்துக்கொண்டு ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்ப்பது. காம்பஸின் திருகு லூசாக இருந்தால் ஆரம் வட்டத்தின் பாதி வழியில் மாறிவிடும். இரண்டு பென்சிலைச் சீவி வையுங்கள். காம்பஸில் பொருந்துகிற குட்டிப் பென்சில் ஒன்று தனியாக.

பெற்றோர் முன்கூட்டியே கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடோ, பார்வை, கை சம்பந்தப்பட்ட குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் என்று சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் வழியாக, தேர்வுக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வெளியே தெரிந்தால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று மார்ச் வரை மறைத்து வைத்துவிட்டு, ஹால் டிக்கெட் வந்த பிறகு அழுதுகொண்டு வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

தவறிவிட்டால் ஒரு வருடம் போய்விடும் என்ற பயமும் பழைய பயம். அதே ஆண்டு ஜூலையில் துணைத் தேர்வு எழுதி, அதே ஆண்டே பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் என்னிடமே இருக்கிறார்கள். இரவில் பிள்ளை தூங்காமல் உட்கார்ந்திருந்தால், பேசாமல் ஒடுங்கினால், பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு அழைக்கலாம்.

அந்த அம்மாவிடம் அன்று சொன்னேன்: “நாலு மணிக்கு எழுப்பாதீங்கம்மா. நீங்களும் தூங்குங்க. சனிக்கிழமை பத்து மணிக்கு உக்கார வெச்சு, ஒண்ணேகாலுக்குப் பேப்பர வாங்கிடுங்க, அது போதும்.” நம்பாமல்தான் போனார். ஆனால் திங்கள்கிழமைதோறும் பையன் ஒரு விடைத்தாளோடு வந்து நின்றான். முதல் தாளில் 42 நிமிடத்துக்கான கணக்குகள் எழுதாமலே விடப்பட்டிருந்தன. ஆறாவது தாளில் 6 நிமிடம் மிச்சம் பிடித்திருந்தான்.

கணிதத் தேர்வன்று மதியம் 2 மணிக்கு, சாப்பிடாமல்கூட நேராக என்னிடம் வந்தான். வினாத்தாளில் எழுதியதற்கெல்லாம் பென்சிலால் டிக். வரைபடம் முழுதாக, தொடுகோடு முழுதாக. வர்க்கக் கூடுதல் கணக்கில் எந்த எண் வரை கழித்தாய் என்று கேட்டதற்குச் சிரித்தான். நான் தாளைத் திருப்பினேன்.

“42 எங்கடா?”

“அது சாய்ஸ் இல்லையா டீச்சர்?”